வகுப்பில் எல்லோரையும் பதில் சொல்ல வைக்க எது ஓடுகிறது, எது படுத்துக்கொள்கிறது? மூன்று ஊர் ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

கொழிஞ்சாம்பாறை
அறுபது பேர் வகுப்பில் கூகுள் ஃபார்ம் லிங்க் அனுப்பினால் பாதி நேரம் "சார், ஓபன் ஆகல"விலேயே போய்விடும். சாதாரண போன் ஹாட்ஸ்பாட்டில் பத்துப் பேர் ஏறுவதே பெரிய விஷயம். அதற்குப் பிளிக்கர்ஸ் அட்டை மேல்: கறுப்புக் கட்டக் குறி அச்சிட்ட அட்டையை மாணவர்கள் தூக்கிப் பிடிப்பார்கள், ஆசிரியர் போனில் உள்ள ஆப் அதை ஸ்கேன் செய்து விடைகளை எண்ணும். மாணவர்களுக்குப் போனே வேண்டாம், ஆசிரியர் போனில் கேமராவும் டேட்டாவும் இருந்தால் ஆயிற்று. ஆளுக்கொரு எண் அட்டை. தன் விடையின் எழுத்து மேலே வரும்படி பிடிக்க வேண்டும். எழுத்து பொடியாக இருப்பதால் பக்கத்து ஆளைப் பார்த்துத் திருப்ப முடியாது. தொகுப்பு 40 அட்டை, பெரியது 63. பளபளப்பு லேமினேஷன் மட்டும் போடாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டால் ஸ்கேன் ஆகாது. விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்தாலும் அதே கதி.

பாறசாலை
அட்டை சரி. விடைகளை எண்ணிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனால் அது வெறும் வினாடி வினா. ஹார்வர்டில் எரிக் மாசூர் 1991இல் இயற்பியல் வகுப்பில் தொடங்கிய முறையில் ஒரே கேள்விக்கு மாணவர்கள் விடை காட்டும் இரண்டு ஓட்டுக்கு நடுவே நடக்கும் வாதம்தான் பாடம். தனியாக யோசிக்க ஒன்றிரண்டு நிமிடம், முதல் ஓட்டு, பக்கத்து ஆளோடு இரண்டு மூன்று நிமிடம், மறு ஓட்டு. சரியான விடை ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதத்துக்குள் வந்தால் பேச விடுங்கள். அதற்குக் கீழே என்றால் யாருக்கும் பிடிபடவில்லை, திரும்ப நடத்த வேண்டும். மேலே என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம்.

கேள்வியும் அப்படி அமைய வேண்டும். "லிஃப்ட் மாறாத வேகத்தில் மேலே போகிறது. கயிற்றின் இழுவிசை லிஃப்டின் எடையைவிடக் கூடுதலா, குறைவா, சமமா?" மேலே போகிறதே என்று பலர் 'கூடுதல்' என்பார்கள். முடுக்கம் இல்லை, ஆகவே சமம். இதைப் பக்கத்தில் இருப்பவன் தமிழிலோ மலையாளத்திலோ சொல்லும்போது ஏறுகிற மாதிரி நாம் சொன்னால் ஏறாது. முதல் ஓட்டின் பார் சார்ட்டை மட்டும் திரையில் காட்டிவிடாதீர்கள். உயரமான பட்டைக்கே எல்லோரும் சாய்வார்கள், வாதம் செத்துவிடும்.

மூணாறு
இங்கே டேட்டாவே சந்தேகம். ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கணினியில் மூடுல்பாக்ஸ் (மூடுல் என்ற இணையவழிப் பாட மென்பொருளை அதில் ஓட்டித் தரும் தொகுப்பு) ஏற்றினால் அதுவே வைஃபை தரும். மூடுல் வினாக்கள், பாட வீடியோ எல்லாம் இன்டர்நெட் இல்லாமல் ஓடும். இருபது பேரைத் தாண்டினால் திணறும், அப்போது தனி ரவுட்டர் மாட்டுங்கள். ராஸ்பெர்ரி பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். பழைய போன் சார்ஜரில் போட்டால் மின்னழுத்தம் இறங்கி நடுவில் நின்றுவிடும். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தால் மெமரி கார்டு கெட்டுப்போகும். சின்ன யூபிஎஸ் அவசியம், பேக்கப்பை வேறு பென்டிரைவில் வையுங்கள்.

கொழிஞ்சாம்பாறை
பாறசாலை சார் சொன்ன மறு ஓட்டைப் பிளிக்கர்ஸில் எடுக்க, அதே கேள்வியை வரிசையில் இரண்டு தடவை சேர்த்துவிடுங்கள். ஒரே கேள்வியில் திரும்ப ஸ்கேன் செய்தால் புது விடை பழையதன் மேல் ஏறிவிடும், யார் மாறினார்கள் என்று தெரியாது.