சூப்பர் ஹீரோ கதையும் பயமும் கலந்த படங்கள் சொல்லுங்களேன்

நண்பர்களே, 2019-இல் வந்த 'பிரைட்பர்ன்' பார்த்ததிலிருந்து இந்த வகைப் படங்களையே தேடிக்கொண்டிருக்கிறேன். வானிலிருந்து வந்த குழந்தையை ஒரு தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். 12 வயதில் அவன் உலகைக் காப்பாற்றவில்லை, கொல்லத் தொடங்குகிறான். பறக்கும் ஒருவனிடமிருந்து ஓடி ஒளிய இடமே கிடையாது என்பதுதான் என்னை உலுக்கியது.

சாம் ரைமியின் 'டார்க்மேன்' (1990), அப்புறம் 'பிளேடு' (1998) இரண்டும் பார்த்துவிட்டேன். 'பிளேடு' மிகவும் பிடித்தது, ஆனால் அதில் சண்டைதான் அதிகம்.

எனக்கு வேண்டியது, சக்தியே சாபமாக மாறும் கதை. திடுக்கிட வைக்கும் காட்சிகளைவிட மெல்ல மெல்ல ஏறும் பயம் இருந்தால் நல்லது. எந்த மொழியானாலும் சரி. பெயரோடு, ஏன் பிடித்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்!