காற்றுப்புகாப் பையில் வைத்த மக்காச்சோளம் பூசணம் பிடித்தது ஏன்?

கேள்வி:
சிறு விவசாயிகளோடு பணிபுரியும் குழு ஒன்றில் இருக்கிறேன். அறுவடை முடிந்த கையோடு விளைச்சலை விற்றுவிட்டு, சில மாதங்கள் கழித்து அதே தானியத்தை அவர்கள் கூடுதல் விலைக்கு வாங்குவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், இனி வண்டுக்குப் பயந்து விற்க வேண்டாம் என்று சென்ற பருவத்தில் சில குடும்பங்களுக்குக் காற்றுப்புகாப் பைகளை வாங்கிக் கொடுத்தோம். தட்டைப்பயறு வைத்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. மக்காச்சோளம் வைத்த மூன்று வீடுகளில் மட்டும் பையைப் பிரித்தபோது புளித்த வாடை வீசியது. மணிகள் பூசணம் படர்ந்து கட்டி கட்டியாக இருந்தன. வண்டு ஒன்றுகூட இல்லை. தவறு பையிலா, எங்கள் செய்முறையிலா? தகரக் குதிருக்கு மாறிவிடலாமா? அந்தத் தானியத்தைக் கழுவிக் காயவைத்துச் சாப்பிடலாமா என்றும் கேட்கிறார்கள்.

மறுமொழி 1:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: கூடாது. சில பூசணங்கள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு கழுவினாலும் வேகவைத்தாலும் நீங்குவதில்லை. கென்யாவில் 2004ஆம் ஆண்டு, ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளத்தை உண்டு 317 பேர் நோயுற்று, அவர்களில் 125 பேர் இறந்தார்கள். கால்நடைக்கும் கொடுக்க வேண்டாம். கறவை மாடு தின்றால் நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கும். அந்தக் குடும்பங்களுக்கு ஈடாக வேறு தானியம் கொடுக்க வழி இருந்தால் தயவுசெய்து கொடுங்கள். இல்லாவிட்டால் பசி அவர்களை அதையே உண்ண வைத்துவிடும்.

இனிக் காரணத்துக்கு வருகிறேன். பைக்குள் இருக்கும் பூச்சிகள் மூச்சுவிட்டே ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அது 5 சதவீதத்துக்கு அருகே இறங்கும்போது அவை தின்பதையும் பெருகுவதையும் நிறுத்திவிடுகின்றன. உங்கள் பைகளில் இது சரியாகவே நடந்திருக்கிறது. ஆனால் காற்றை உள்ளே விடாத அதே உறை ஈரத்தையும் வெளியே விடாது. தட்டைப்பயறு பெரும்பாலும் செடியிலேயே நன்றாகக் காய்ந்துவிடுகிறது. மக்காச்சோளமோ பல இடங்களில் 20 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஈரத்தோடு அறுவடையாகிறது. அதை 13 சதவீதத்துக்கோ அதற்கும் கீழோ கொண்டுவந்த பிறகே கட்டவேண்டும்.

ஈரம் அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கு உப்புச் சோதனை போதும். மூடியோடு கூடிய உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு தானியமும் ஒரு கரண்டி உலர்ந்த உப்பும் போட்டு, சில நிமிடங்கள் குலுக்கிச் சற்றுநேரம் வைத்திருங்கள். உப்பு சுவரில் ஒட்டிக்கொண்டால் ஈரம் ஏறத்தாழ 15 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கிறது என்று பொருள். ஒட்டாவிட்டாலும் இன்னும் ஓரிரு நாள் வெயிலில் காயவைப்பதே பாதுகாப்பு. மணியைப் பல்லால் கடித்துப் பார்த்து முடிவு செய்வதை நான் நம்புவதில்லை. அனுபவசாலிகளே தவறியதைக் கண்டிருக்கிறேன். வெறுந்தரையில் பரப்பினால் மண்ணின் ஈரமும் பூசண வித்தும் சேர்ந்துவிடும். தார்ப்பாய் விரித்து, மெல்லிய அடுக்காகப் பரப்பி, அவ்வப்போது கிளறிவிட வேண்டும். சூடு ஆறிய பிறகே பையில் கொட்ட வேண்டும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். தகரக் குதிர் பற்றி மட்டும் சில வார்த்தைகள். இந்த மூன்றடுக்குப் பை 1980களின் இறுதியில் கேமரூனில் தட்டைப்பயறுக்காகவே உருவானது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குள்ளவர்களோடு சேர்ந்து செய்த பணி அது. தகரக் குதிர் மத்திய அமெரிக்காவில், சுவிட்சர்லாந்து உதவியுடன் உள்ளூர்த் தகர வேலைக்காரர்களுக்குப் பயிற்சி தந்து பரப்பப்பட்டது. எலித் தொல்லை மிகுந்த இடத்தில் குதிரே மேல்; எலி பையைக் கடித்துவிடும். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்று 1970களின் இறுதி முதல் பரவிய பெரிய தானியத் துளைப்பான் வண்டும் பிளாஸ்டிக்கைத் துளைக்கக்கூடியது. ஆனால் ஈரத் தானியத்தைக் குதிரில் போட்டாலும் இதே கதைதான், செலவுதான் அதிகம். குதிர் வெயிலில் நின்றால் இரவில் அதன் உட்புறம் வியர்த்து, மேலடுக்குத் தானியம் கெடும்.

பை கட்டும்போது ஒவ்வோர் உறையிலும் காற்றைப் பிதுக்கி வெளியேற்றித் தனித்தனியாகக் கட்டுங்கள். அன்றாடச் செலவுக்கான தானியத்தை வேறு பையில் வையுங்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் உள்ளே போகிறது.

மறுமொழி 3:
ஒரே ஒரு வேண்டுகோள். பை தோற்றுவிட்டது என்று எண்ணி யாரும் வண்டைக் கொல்லத் தானியத்தில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்குத் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தானியம் வைத்திருக்கும் அறையிலேயே பிள்ளைகள் உறங்கும் வீடுகள் உண்டு. காற்றின் ஈரம் பட்டு அது விடும் பாஸ்பீன் வாயு உயிரைப் பறிக்கும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. விசாரித்ததில், அந்த மூன்று வீடுகளிலும் அறுவடையின்போது மழை பெய்திருக்கிறது. இரண்டே நாள் காயவைத்துக் கட்டியிருக்கிறார்கள். பை கொடுத்த தேதி எங்கள் ஏட்டில் இருக்கிறது, தானியம் எத்தனை நாள் காய்ந்தது என்ற குறிப்பு ஓரிடத்திலும் இல்லை. வரும் பருவத்தில் பைக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியைத் தார்ப்பாய்க்கு மாற்றுகிறோம்; வீட்டுக்கு ஒரு கண்ணாடிப் புட்டியும் கொடுத்து, உப்புச் சோதனையை அவர்களே செய்து பார்த்த பிறகுதான் பையைக் கட்டச் சொல்லப் போகிறோம்.