நிகர்பகுப்பும் குன்றல் பகுப்பும்: மைட்டாசிஸ், மியாசிஸ் ஆகியவற்றுக்கான சொற்கள் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். செல்லின் உட்கரு, மரபுப்பொருளைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களின் எண்ணிக்கை மாறாமல் பகுபடுவது மைட்டாசிஸ்; அந்த எண்ணிக்கை பாதியாகக் குறையுமாறு பகுபடுவது மியாசிஸ். இவ்விரண்டுக்கும் தமிழில் எந்தச் சொற்களை வழங்கலாம் என்ற நம் உரையாடலில் இதுவரை முன்வைக்கப்பட்ட சொற்களையெல்லாம் ஊன்றிப் படித்தேன். மைட்டாசிஸுக்கு "நிகர்பகுப்பு", மியாசிஸுக்குக் "குன்றல் பகுப்பு" என்பது என் பரிந்துரை. பலவற்றோடு எனக்கு உடன்பாடு உண்டு. மைட்டாசிஸுக்கு "மறைமுகப் பகுப்பு" என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அச்சொல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஊன்றிவிட்டது உண்மைதான், ஆனால் "இதில் எது மறைந்திருக்கிறது?" என்று ஒரு மாணவர் கேட்டால் நம்மிடம் விடை இல்லை. உட்கரு நேரடியாக இரண்டாக அறுபடும் முறையையும், இழைகள் தோன்றி ஒழுங்குபட்டு விலகும் முறையையும் 19ஆம் நூற்றாண்டில் நேர்ப் பிரிவு, நேரல்லாப் பிரிவு என்று வேறுபடுத்தினார்கள். அந்த "நேரல்லா" என்பதுதான் நம்மிடம் "மறைமுக" என்று ஆகிவிட்டது. சாயமேற்றிய வெங்காய வேர்நுனியை நுண்ணோக்கியில் வைத்தால், 16 குரோமோசோம்களும் செல்லின் நடுவே வந்து நிற்பதையும், பிறகு இரு முனைகளுக்கும் விலகுவதையும் பள்ளி மாணவரே பார்த்துவிடலாம். இவ்வளவு வெளிப்படையாக நடப்பதை மறைமுகம் என்பது பொருந்தாது.

மைட்டாசிஸுக்கு இலங்கையில் வழங்கும் "இழையுருப்பிரிவு" இதைவிட மேலானது. ஜெர்மன் உயிரியலாளர் வால்தர் ஃபிளெமிங் 1882இல் மைட்டாசிஸ் என்ற பெயரைச் சூட்டியபோது, இழை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அதை எடுத்தார். மூலத்துக்கு நெருக்கமானது என்பதால் அதையே ஏற்போம் என்று நானும் முதலில் எண்ணினேன். ஆனால் இழைகள் மியாசிஸிலும் தோன்றத்தான் செய்கின்றன. நேர்ப் பிரிவிலிருந்து வேறுபடுத்துவதே ஃபிளெமிங்கின் தேவையாக இருந்தது. மியாசிஸுக்கு அப்போது தனிப் பெயரே கிடையாது. ஃபார்மர், மூர் என்ற இரு உயிரியலாளர்கள் 1905இல்தான், குறைதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார்கள். இன்று மாணவருக்கு வேண்டியது இந்த இரண்டையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டும் சொல்லிணை.

"உடற்செல் பகுப்பு", "இனச்செல் பகுப்பு" என்ற இணையைச் சிலர் பரிந்துரைத்திருக்கிறார்கள். கேட்பதற்கு எளிமையாக இருந்தாலும் அது தவறான பாடத்தைக் கற்பித்துவிடும் என்று அஞ்சுகிறேன். விந்தகத்திலுள்ள விந்துத் தாய்செல்கள் தம் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்வது மைட்டாசிஸ் வழியாகத்தான். பெரணிச் செடியை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் தெளிவாகும்: அதன் இலையடியில் மியாசிஸ் வழியாக உருவாவது இனச்செல் அன்று, ஸ்போர் எனும் ஒற்றைச்செல் வித்து; அந்த ஸ்போர் முளைத்து வளரும் சிறிய இதய வடிவ உடலத்தில், அண்டமும் விந்துவும் மைட்டாசிஸ் வழியாகவே உருவாகின்றன. ஆகவே நிகழும் இடத்தை வைத்துப் பெயரிட்டால் தாவரவியல் வகுப்பின் முதல் வாரத்திலேயே பெயர் பொய்த்துவிடும்.

எதை வைத்துப் பெயரிடலாம் என்பதற்கு, நடப்பதையே ஒருமுறை நிரல்படச் சொல்லிப் பார்ப்பது உதவும். மனித உடற்செல்லில் 46 குரோமோசோம்கள் உள்ளன. பகுப்புக்கு முன் டிஎன்ஏ இரட்டிப்பதால் ஒவ்வொரு குரோமோசோமும் குரோமாட்டிடுகள் எனப்படும் இரண்டு ஒத்த இழைகளைக் கொண்டதாகிறது. மைட்டாசிஸில் 46 குரோமோசோம்களும் தனித்தனியே நடுத்தளத்தில் வந்து நிற்க, செல்லின் இரு முனைகளிலிருந்தும் நீளும் கதிர்கோல் இழைகள் ஒவ்வொன்றின் குரோமாட்டிடுகளையும் எதிரெதிர் முனைகளுக்கு இழுக்கின்றன. சேய்செல் ஒவ்வொன்றும் தாய்செல்லைப் போலவே 46 பெறுகிறது. மியாசிஸிலோ தாய்வழி வந்ததும் தந்தைவழி வந்ததுமான ஒத்த குரோமோசோம்கள் முதலில் 23 இணைகளாகச் சேர்ந்து, துண்டுகளைப் பரிமாறிக்கொண்டு, அதன்பின் முழு முழுக் குரோமோசோம்களாகவே இருபுறமும் விலகுகின்றன. எண்ணிக்கை 23 ஆகக் குறைவது இந்த முதற்கட்டத்தில்தான். இடையில் டிஎன்ஏ மறுபடி இரட்டிப்பதில்லை. இரண்டாம் கட்டத்தில் குரோமாட்டிடுகள் பிரிய, 23 குரோமோசோம்களைக் கொண்ட நான்கு செல்கள் கிடைக்கின்றன. (பெண்ணில் இந்த நான்கில் ஒன்றே அண்டமாகிறது. அதன் முதற்கட்டம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிப் பல ஆண்டுகள் பாதியில் நின்றிருப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.)

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டின் உயிர்நாடி, சேய்செல் தாய்செல்லோடு கொள்ளும் உறவில் இருக்கிறது. அந்த உறவைச் சொல்லும் தமிழ்ச்சொல் "நிகர்". "சமப் பகுப்பு" என்றும் ஒரு பரிந்துரை வந்தது. ஆனால் சமம் என்றதும் இரண்டு சேய்செல்களும் ஒரே அளவுடையவை என்றே மனம் கொள்ளும். மொட்டு விடும் ஈஸ்ட்டில் மைட்டாசிஸ் நடந்தும் சேய்செல் சிறியதாகவே பிரிகிறது. நிகர் என்ற சொல்லில் அளவு பற்றிய எதிர்பார்ப்பு குறைவு. ஒன்றை ஒத்து நிற்றலே அதில் முந்துகிறது. பெரணியின் அந்தச் சிறு உடலம் போல, ஒற்றைத் தொகுதிக் குரோமோசோம்களே கொண்ட செல்லில் மைட்டாசிஸ் நடந்தாலும் சொல் பிழையாகாது. "நிகர வருமானம்" என்பதோடு குழப்பம் வராதா என்று கேட்கலாம். அது "நிகர" என்ற வேறு வடிவம், சூழலும் வேறு.

மியாசிஸுக்குக் "குன்றல் பகுப்பு" என்ற வழக்குச் சொல்லையே காத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. குன்றக் கூறல் நன்னூலின் பத்துக் குற்றங்களுள் முதலாவது என்பதால், குன்றல் என்பதில் குறைபாட்டுப் பொருள் ஒட்டியிருக்கிறது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அதற்கு மாற்றாகக் "குறுக்கம்" என்பதை நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். குற்றியலுகரத்தில் ஒரு மாத்திரை அரை மாத்திரையாவது போலவும், மகரக்குறுக்கத்தில் அரை கால் ஆவது போலவும், திட்டமான அளவில் பாதியாதலை நம் இலக்கணம் முன்பே அச்சொல்லால் குறித்திருக்கிறது. ஆனால் இதே மியாசிஸில் துண்டுகள் பரிமாறப்படுவதைக் "குறுக்கேற்றம்" என்கிறோம். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவர் திணறுவார். மியாசிஸுக்கு வழங்கும் மற்றொரு சொல்லான "ஒடுக்கற்பிரிவு" என்பதிலும் ஓர் இடர்ப்பாடு உள்ளது. இரு பகுப்புகளிலும் குரோமோசோம்கள் தொடக்கத்தில் சுருண்டு குறுகித் தடிக்கின்றன; ஒடுக்கம் அதைத்தான் குறிக்கிறது என்று ஒருவர் கொண்டால் அவர்மீது குறை சொல்ல முடியாது. "செம்பாதிப் பகுப்பு" என்ற அழகான பரிந்துரையைத் தள்ளுவதற்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆனால் செல் இரண்டாவதை அது குறிக்கிறதா, எண்ணிக்கை பாதியாவதைக் குறிக்கிறதா என்பது விளங்காது.

"பிரிவு", "பகுப்பு" என்ற சொற்களையும் வேறுபடுத்திக்கொள்வது நல்லது. மைட்டாசிஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் உட்கருவின் பகுப்பு. பழ ஈயின் இளங்கருவில் 13 முறை உட்கருக்கள் பகுபட்ட பிறகே செல் எல்லைகள் எழுகின்றன. ஆகையால் உட்கருவுக்குப் பகுப்பு, செல்லுக்குப் பிரிவு, உட்கருவைச் சூழ்ந்துள்ள சைட்டோபிளாசத்துக்கும் பிரிவு என்று வரையறுத்துவிட்டால் இந்த ஈயின் நிலையைக் குழப்பமின்றி எழுத முடியும்.

எழுத்துமுறை குறித்து ஒன்று. "நிகர்ப்பகுப்பு" என்று ஒற்று மிகுத்து எழுதுவதை விட, வினைத்தொகையாக "நிகர்பகுப்பு" என்று எழுதுவதையே விரும்புகிறேன். அதற்கு இணையாகக் "குன்றுபகுப்பு" என்று அமைக்கலாமா என்றும் பார்த்தேன். மலையைப் பகுப்பதாகப் பொருள்பட்டுவிடுகிறது. ஓசை ஒத்து வராவிட்டாலும் அங்கே "குன்றல்" என்றே இருக்கட்டும். நிகர்பகுப்பு, குன்றல் பகுப்பு ஆகிய இவ்விரண்டில் எதற்கேனும் மறுப்பு இருந்தால், பெரணியையும் ஈஸ்ட்டையும் வைத்துச் சோதித்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.