டைம்லைன் திக்குதா? எதை முதலில் பார்க்கணும்

எடிட்டிங்கின்போது டைம்லைனில் (கிளிப்களை வரிசையாக அடுக்கும் இடம்) வீடியோ திக்கித் திக்கி ஓடினால் ரேம் போதவில்லை என்று முடிவு கட்டி விடுகிறோம். காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில், வீடியோ ஓடும் புரோகிராம் மானிட்டர் பகுதியின் ரெஞ்ச் (ஸ்பேனர் படம்) மெனுவில் 'ஷோ டிராப்டு ஃப்ரேம் இண்டிகேட்டர்' என்பதைப் போடுங்கள். சின்னப் பச்சை விளக்கு வரும். ஓட்டும்போது ஃப்ரேம் விட்டுப்போனால் மஞ்சளாகும். மவுஸை மேலே வைத்தால் எத்தனை என்று காட்டும். அடுத்து, பட்டன் எடிட்டரிலிருந்து 'குளோபல் எஃப்எக்ஸ் மியூட்' பட்டனை எடுத்து வைத்து, எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்து அதே இடத்தை ஓட்டுங்கள். இப்போது வழுக்கிக்கொண்டு ஓடினால் பாரம் எஃபெக்ட்டில்தான். அந்தப் பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் (இன், அவுட்) குறித்து என்டர் தட்டினால் அது ரெண்டர் ஆகி, டைம்லைன் மேலுள்ள சிவப்புக் கோடு பச்சையாகிவிடும். அப்போதும் திக்கினால் ஃபைலையும் டிஸ்க்கையும் பாருங்கள்.

* * *

ஃபைல்தான் என்றால் பெரும்பாலும் எச்.265 (வீடியோவை இறுக்கிச் சுருக்கும் முறை), அதிலும் நிற விவரம் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 வகை. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். 'வீடியோ டிகோட்' 0-வில் படுத்துக்கிடக்க, சிபியு 100-ஐத் தொட்டால், சுருக்கிய ஃபைலை விரித்துப் படமாக்கும் (டிகோட்) வேலையில் கிராபிக்ஸ் கார்டு அந்த ஃபைலைத் தொடவே இல்லை. என்விடியா ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை இந்த 4:2:2-ஐ டிகோட் செய்யாது. 50 வரிசைதான் செய்யும். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸே இதைச் செய்யும். ஆனால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) அது அணைந்திருக்கலாம், பார்த்து ஆன் செய்யுங்கள். மாடல் பெயர் 'எஃப்' என்று முடியும் பிராசஸர்களில் அது கிடையாது. வாங்கும்போதே கவனிக்க வேண்டியது இது.

இல்லாவிட்டால் ப்ராக்ஸிதான், அதாவது வெட்டும்போது மட்டும் ஒரிஜினலுக்குப் பதில் ஓடும் இலகுவான நகல். ஆப்பிளின் வீடியோ வடிவமான புரோரெஸ் 422 ப்ராக்ஸி 1080-இல் 29.97 ஃப்ரேமுக்கு நொடிக்கு 45 மெகாபிட், அதாவது மணிக்குச் சுமார் 20 ஜிபி. இடம் கேட்கும், ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படம். எச்.265-இல் முழுப் படம் இடைவெளி விட்டுத்தான் வரும், நடுவில் உள்ளவை மாற்றங்கள் மட்டுமே. பின்னோக்கி ஓட்டும்போது அதிகம் திணறுவது அதனால்தான். ப்ராக்ஸியை வெளியே தயாரித்து இணைத்தால் ஆடியோ சேனல் எண்ணிக்கை ஒரிஜினலோடு ஒத்திருக்கட்டும், இல்லையென்றால் இணையாது.

* * *

செல்போன் ஃபைல் என்றால் முதலில் மீடியாஇன்ஃபோவில் (ஃபைலின் விவரங்களைக் காட்டும் மென்பொருள்) போட்டுப் பாருங்கள். 'ஃப்ரேம் ரேட் மோட்: வேரியபிள்' என்று இருந்தால் கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ ஃப்ரேம் இடைவெளி மாறும். எடிட்டிங் மென்பொருள் சீரான இடைவெளியை எதிர்பார்க்கும். உதடும் குரலும் பிரிவது இதனால்தான். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். கடைசிவரை சீராக விலகிக்கொண்டே போனால் அது 29.97-க்கும் 30-க்கும் உள்ள குழப்பமாக இருக்கலாம்: ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி. விலகி, சேர்ந்து, மறுபடி விலகினால் வேரியபிள்.

வேரியபிள் என்றால், வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் வீடியோ பகுதியில் ஃப்ரேம் ரேட்டை 30 என்று கையால் தேர்ந்தெடுத்து, 'பீக்' என்பதை விட்டு 'கான்ஸ்டன்ட்' வையுங்கள். எச்.264, ஆர்எஃப் (தரத்தைக் குறிக்கும் எண்) 16 அல்லது 18 போதும். வெட்டத் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். பாதி வெட்டிய பிறகு மாற்றி, பழைய ஃபைலுக்குப் பதில் புதியதை இணைத்தால் (ரீலிங்க்) வெட்டு இடங்கள் நகர்ந்துவிடும், அத்தனை உழைப்பும் வீண்.

* * *

ஆடியோ அமைப்பையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஸ்பேஸ் தட்டி இரண்டு நொடி கழித்துத்தான் ஓடுகிறது, அல்லது ஓடாமலே நிற்கிறது என்றால் பிரீமியரில் பிரிஃபரன்சஸ், ஆடியோ ஹார்ட்வேர், 'டிஃபால்ட் இன்புட்' இடத்தில் 'நோ இன்புட்' வைத்துப் பாருங்கள். ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வயர் உள்ளதை மாட்டியும் சோதியுங்கள்.

* * *

டிஸ்க் கணக்கு: 4கே புரோரெஸ் 422, 29.97 ஃப்ரேமில் நொடிக்கு 589 மெகாபிட், அதாவது கிட்டத்தட்ட 74 மெகாபைட். யுஎஸ்பி 2.0 நடைமுறையில் 40-ஐத் தாண்டுவதே கஷ்டம். ஒரே ஒரு கிளிப் கூட ஓடாது. மூன்று கேமரா காட்சிகளும் ஒரே நேரத்தில் ஓடும் மல்டிகேம் என்றால் 220-க்கு மேல் வேண்டும், சுழலும் ஹார்ட் டிஸ்க் தாங்காது, எஸ்எஸ்டி வேண்டும். எஸ்எஸ்டி வாங்கியும் திக்குகிறதா? கேபிளைப் பாருங்கள். சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்கள் பலவும் 2.0 வேகம்தான்.

* * *

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் இருப்பவர்களுக்கு: பிளேபேக் மெனுவில் 'டைம்லைன் ப்ராக்ஸி ரெசல்யூஷன்' (புதிய பதிப்புகளில் 'டைம்லைன் பிளேபேக் ரெசல்யூஷன்') ஹாஃப், 'ரெண்டர் கேஷ்' ஸ்மார்ட் என்று வையுங்கள். சிவப்புக் கோடு நீலமாகும் வரை கை வைக்காமல் காத்திருங்கள். கிளிப் போட்ட பிறகு டைம்லைனின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற முடியாது, எனவே முதல் கிளிப்பை இழுக்கும் முன் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

* * *

பச்சை, ரோஸ் நிறத்தில் ஃப்ரேம் பளிச்சிட்டால் அது வேறு நோய். அந்த இடத்தில் பத்து நொடியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதிலும் வருகிறதென்றால் ஹார்ட்வேர் டிகோடிங்கை அணைத்து, பிரீமியரை மூடித் திறந்து மறுபடி எடுங்கள். இப்போது சுத்தமாக வந்தால் டிரைவரை மாற்றுங்கள். அப்படியும் வந்தால் மெமரி கார்டிலிருந்து காப்பி செய்ததே பிசகியிருக்கலாம். கார்டை ஃபார்மட் செய்யும் முன் திரும்ப எடுத்துப் பாருங்கள்.