ஈய எழுத்தில் அச்சுக்கோர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பொறையாறு பக்கம் இருந்து எழுதுகிறேன். எங்கள் சபை வாலிபப் பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது கற்பனையான ஒரு டெல்டாவில். மதகுச் சாவி எல்லாம் நாட்டை ஆளும் மன்றத்திடம். வேதம் வைத்திருக்கிற வீட்டு வயலுக்கு முறைத்தண்ணீர் கிடையாது. பதினாறு வயது எஸ்தர், நெல்குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து மாற்கு சுவிசேஷத்தை ராத்திரியில் அச்சுக்கோர்க்கிறாள்.

தரங்கம்பாடிதான் இதற்கு வித்து. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சானது. ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த ஈய எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். எஸ்தருக்கும் அதே காகிதத் தட்டுப்பாடு.

பழைய அச்சகத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் உதவ வேண்டும். அரை இருட்டில் விரல் தடவியே எழுத்தை எடுக்க முடியுமா? கோர்த்த பக்கம் சிதறினால் என்ன செய்வீர்கள்? கையில் ஒட்டிய மை எதில் போகும்? அந்த மைதான் அவளைக் காட்டிக்கொடுக்கப்போகிறது.

அப்புறம், காவலாளியிடம் அவள் பொய் சொல்கிறாள். யாத்திராகமம் 1-ல் சிப்பிராள், பூவாள் என்ற எபிரெய மருத்துவச்சிகள் ஆண்குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டுப் பார்வோனுக்குச் சொன்ன பதிலையும், யோசுவா 2-ல் ராகாப் இஸ்ரவேல் வேவுகாரரை மறைத்துவைத்துப் பொய் சொன்னதையும் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அவள் மனசாட்சியைச் சுலபமாகத் தேற்றிவிட எனக்கு மனமில்லை, பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆயர்களே, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, இதை அவர்களிடம் எப்படிப் பேசுகிறீர்கள்?

முதல் சில அதிகாரங்கள் தயார். வாசித்து வெளிப்படையாகக் கருத்துச் சொல்லக்கூடிய தம்பி தங்கைகள் இருந்தால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.