துலங்குதொலைவு, பிரேக் தொலைவு, நிறுத்துதொலைவு

வணக்கம்.

ஓட்டுநர் கையேட்டுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும்போது, ஆபத்தைக் கண்டதிலிருந்து வண்டி நிற்பதற்குள் கடந்துவிடும் மொத்தத் தூரத்துக்கு (stopping distance) 'நிறுத்தத் தொலைவு' என்று நண்பர் முன்வைத்த சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. நிறுத்தம் என்றதும் பஸ் நிறுத்தம்தான் நினைவுக்கு வரும். இரண்டு நிறுத்தங்களுக்கு இடைப்பட்ட தூரம் என்றே பலரும் படிப்பார்கள். 'நிறுத்துதொலைவு' என்று வினைத்தொகையாக்கினால் அந்தக் குழப்பம் இல்லை. சுடுசோறு, ஊறுகாய் போல வாயிலும் எளிதாகப் புழங்கும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது, அந்தத் தூரத்தின் முதல் பகுதிக்குப் பெயரே இல்லாமல் போவது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். குறுக்கே ஒரு கன்றுக்குட்டி ஓடி வருகிறது. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கால் பிரேக்குக்கு மாற ஒன்றரை நொடி ஆனால், வேகம் துளியும் குறையாமலே 25 மீட்டர் போய்விடுகிறது. ஏறத்தாழ இரண்டு முழுநீளப் பஸ்களின் நீளம். அதன்பிறகுதான் பிரேக்கின் வேலை. உராய்வுக் கெழு (டயருக்குச் சாலையில் உள்ள பிடிப்பைக் காட்டும் எண்) 0.7 உள்ள காய்ந்த சாலையில் இன்னும் 20 மீட்டர். மழையில் கெழு 0.4 ஆகிவிட்டால் 35 மீட்டர். மழை இரண்டாம் பகுதியைத்தான் நீட்டுகிறது. தூக்கமும் மதுவும் கைபேசியும் முதல் பகுதியை நீட்டுகின்றன. வேகம் இரட்டித்தால் முதலாவது இரண்டு மடங்கு, இரண்டாவது நான்கு மடங்கு. இவ்வளவு வேறுபட்டவற்றை ஒரே சொல்லுக்குள் அடைத்தால் ஓட்டுநருக்குப் பிரேக் மட்டுமே கண்ணில் படும்.

முதல் பகுதியில் கழியும் அந்த ஒன்றரை நொடிக்கு (reaction time) 'எதிர்வினை நேரம்' என்ற பெயர் வேண்டாம். இயற்பியல் வகுப்பில் எதிர்வினை நியூட்டனின் மூன்றாம் விதிக்கு உரியது. அங்கே வினையும் எதிர்வினையும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. நாம் பெயர் தேடுவதோ இடையில் விழும் தாமதத்துக்கு! உயிரியலில் தூண்டல் (stimulus), துலங்கல் (response) என்ற இணை ஏற்கெனவே இருக்கிறது. எனவே 'துலங்கல் நேரம்'; அதற்குள் கடப்பது 'துலங்குதொலைவு'.

நேற்று மகளின் விரல்களுக்கு நடுவே 30 செ.மீ. அளவுகோலைப் பிடித்து, சொல்லாமல் விட்டேன். 20 செ.மீ. கோட்டில் பிடித்தாள். அளவுகோல் அவ்வளவு தூரம் விழ 0.2 நொடி ஆகும். விழப்போகிறது என்று தெரிந்து காத்திருந்த விரல்களுக்கே அவ்வளவு.

'துலங்கு' ஓட்டுநர்களுக்குப் புரியாது என்று சிலர் சொல்லக்கூடும். 'கொலை வழக்கில் துப்புத் துலங்கியது' என்று நாளிதழில் படிப்பவர்கள்தானே அவர்கள்? இரண்டாம் பகுதிக்குப் 'பிரேக் தொலைவு' போதும்; 'பிரேக்' அப்படியே இருக்கட்டும். பட்டறையில் அதுதான் பேச்சு. துலங்கைவிடப் பொருத்தமான வினைச்சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளச் சம்மதம். எதிர்வினையை மட்டும் ஓட்டுநர் கையேட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம்.