இரவுப் பணியில் ஒரே செவிலியர்: இன்சுலினுக்கு இரண்டாம் கையெழுத்து எதற்கு?

இரவுப்பணிச் செவிலி:
இரண்டாவது செவிலியர் சரிபார்க்காமல் இன்சுலின் செலுத்தக் கூடாது என்று எங்கள் மருத்துவமனையில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வார்டில் நான் ஒருத்திதான். பல நாட்களில் மருந்துத் தாளில் இரண்டாம் கையெழுத்துக்கான கட்டத்தில் கையெழுத்திடுபவர் மறுநாள் காலையில் பணிக்கு வருபவர். நடக்காத சரிபார்ப்புக்குக் கையெழுத்து வாங்குவதைவிட விதியையே எடுத்துவிடலாம்.

குன்னூர் மருந்தாளுநர்:
சகோதரி, கையெழுத்து பொய் என்பதற்காகச் சரிபார்ப்பே வேண்டாம் என்பதை ஏற்க இயலவில்லை. நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் இன்சுலினும் 100 யூனிட் இன்சுலினும் சேர்ந்தே புழங்குகின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 50 யூனிட். மாற்றி இழுத்தால் வெறும் 8. இழுத்தவர் கண்ணுக்குக் கோடு 20 என்றுதான் தெரியும். சர்க்கரை தாழ்ந்து நோயாளி வியர்த்துக் கிடந்தாலும், இந்த மலைக்குளிரில் கழுத்துவரை இழுத்துப் போர்த்திய கம்பளிக்குள் அது யார் கண்ணில் படும்?

இரவுப்பணிச் செவிலி:
ஒரே செறிவுள்ள குப்பியை மட்டும் மருந்தகம் வார்டுக்கு அனுப்பினால் இந்தக் குழப்பமே எழாது, ஐயா. என் வார்டில் தவறு நேரவிருந்தது பெயரால். வெவ்வேறு ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்கள்) வந்த, பெள்ளி என்றே பெயருள்ள இருவர் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தார்கள், "பெள்ளிதானே?" என்றால் இருவருமே தலையாட்டுவார்கள். இப்போது பெயர், வயது, ஹட்டி மூன்றையும் அவரவர் வாயாலேயே சொல்லச் சொல்கிறேன். அதற்கு இரண்டாமவர் தேவைப்படவில்லை.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், கூடலூர்:
"இருபது யூனிட், சரிதானே?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் நிமிர்ந்தும் பாராமல் "சரி" என்பதை நான் ஒருநாளும் சரிபார்ப்பாகக் கருதியதில்லை. இரண்டாமவர் மருத்துவர் எழுதியதைத் தாமே படித்து, குப்பியையும் சிரிஞ்சையும் தாமே பார்த்து, முதலாமவர் சொல்வதற்கு முன்பே அளவைச் சொல்ல வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், எல்லா மருந்துக்கும் இதைக் கேட்காமல், இன்சுலின், ஹெப்பாரின் (இரத்தம் உறைவதைத் தடுப்பது), பொட்டாசியம் குளோரைடு போன்ற, அளவு தவறினால் உயிருக்கே ஆபத்தானவற்றுக்கு மட்டும் அவசரப் பிரிவிலிருந்து ஒருவரை வரவழைக்கலாமே.

குன்னூர் மருந்தாளுநர்:
ஒரே செறிவு என்ற யோசனை சரியானதே. ஆனால் நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவரும் இன்சுலின் பேனாவின் (பேனா வடிவ ஊசி) கார்ட்ரிட்ஜில், அதாவது மருந்துக் குழலில், இருப்பது 100 யூனிட் மருந்து. பேனா பழுதானதும் அதிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுப்பதை என் அலமாரி தடுக்காது.

இரவுப்பணிச் செவிலி:
அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. வீட்டு மருந்து என்றால் அவசரப் பிரிவை அழைக்கிறேன். ஆள் வராத இரவில் மட்டும் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். காலையில் யாரும் அதை நிரப்ப வேண்டாம்.